பழைய மவுத்பீசுக்குப் புது முகமா?

கிளாரினெட் வாசிக்கிற ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் உறையூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்பா நாற்பது வருடம் கிளாரினெட் வாசித்தவர். இப்போது அவர் இல்லை. வாத்தியம் மகன் கைக்கு வந்திருக்கிறது. அடுத்த வாரம் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு கல்யாணக் கச்சேரி. மகன் பெட்டியைத் திறக்கிறான். வாத்தியத்தைப் பூட்டி வாசித்துப் பார்க்கிறான்.

அப்பா ஊதினால் தெருமுனை வரை நாதம் கேட்கும். மகன் ஊதினால் பாதி காற்று புஸ்ஸென்று போகிறது. மேல் ஸ்தாயிக்குப் போனால் கீச்சென்று ஒரு சத்தம்!

கூட வாசிக்கும் நண்பர் சொல்கிறார்:

"தம்பி, மவுத்பீஸ் பழசாகிவிட்டது. முகத்தைக் கொஞ்சம் இழைத்து, வாயை அகலமாக்கிவிடு. எல்லாம் சரியாகிவிடும்."

இதைக் கேட்டதும் சமையல் அறையில் இருந்து அம்மா ஓடி வருகிறாள்.

"உன் அப்பா பல் பதிந்த இடமடா அது! அதைப் போய்த் தேய்க்கப் போகிறாயா?"

நண்பர் சொல்வது சரியா, அம்மா சொல்வது சரியா? இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தவறு.

ஒரு மில்லிமீட்டர்

மவுத்பீஸ் என்பது கிளாரினெட்டின் உச்சியில், வாயில் வைத்து ஊதுகிற பகுதி. சுமார் 9 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மேல்பக்கம் வாத்தின் அலகு போலச் சரிந்து இருக்கும். வாசிப்பவரின் மேல் பற்கள் அந்தச் சரிவில்தான் பதியும்.

கீழ்ப்பக்கத்தில்தான் சங்கதியே இருக்கிறது. அங்கே நீளவாக்கில் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கும். அந்த ஜன்னலை மூடினாற்போல ஒரு ரீடு வைத்து, உலோகப் பட்டையால் இறுக்கிக் கட்டுவார்கள். ரீடு என்பது நாணல் தட்டையில் சீவிய மெல்லிய தகடு. பிரான்சு நாட்டின் தெற்கே, கடலோரமாக விளைகிற நாணல் இதற்குப் பேர் போனது.

ரீடு ஜன்னலை முழுவதும் மூடிவிடாது. மவுத்பீசின் நுனி கொஞ்சம் வளைந்து விலகி இருக்கும். ஆகவே ரீடின் நுனிக்கும் மவுத்பீசின் நுனிக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி விழும். அது எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான்!

ஊதும்போது ரீடு துடிக்கிறது. அந்த இடைவெளியை மூடுகிறது, திறக்கிறது. வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடக்கிறது. கல்யாணி ஆனாலும் சரி, தோடி ஆனாலும் சரி, எல்லாம் அந்த ஒரு மில்லிமீட்டர் சந்துக்குள்ளே பிறக்கிறவைதான்.

அந்த வளைவையும், ரீடு படுத்திருக்கும் தளத்தையும் சேர்த்துத்தான் மவுத்பீசின் முகம் என்கிறார்கள். அந்த முகத்தைத் தேய்த்து, வளைவை மாற்றுவதுதான் முகம் இழைப்பது. எடுப்பது தலைமயிர் கனம்கூட இருக்காது. ஆனால் குரலே மாறிப்போகும்.

தஞ்சாவூர் வழியாக வந்தது

கிளாரினெட் நம் ஊர் வாத்தியம் அல்ல. ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தில் டென்னர் என்ற கைவினைஞர் 1700-ம் ஆண்டை ஒட்டி இதை உருவாக்கினார் என்பார்கள். வெள்ளைக்காரர்களின் ராணுவ பேண்டு வாத்தியத்தோடு அது இந்தியாவுக்கு வந்து இறங்கியது.

அதைச் சதிர் மேளத்தில் கொண்டு வந்து சேர்த்த பெருமை மகாதேவ நட்டுவனாருக்குச் சேரும். இது 19-ம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் நடந்தது. அதுவரை சதிருக்கு முகவீணை என்ற சின்னக் குழல் வாசித்து வந்தார்கள். அந்த இடத்தில் கிளாரினெட் உட்கார்ந்தது. பாலசரஸ்வதி அம்மையாரின் நடனக் கச்சேரியிலும் கிளாரினெட் ஒலித்தது உண்டு.

சதிருக்குப் பக்கவாத்தியமாக இருந்ததைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர்களில் பெரிய பெயர் ஏ.கே.சி.நடராஜன். அவர் திருச்சிக்காரர். 1931-ம் ஆண்டு பிறந்தவர். தகப்பனாரும் கிளாரினெட் வாசித்தவர்தான். நாதசுர சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை இவருடைய வாசிப்பைக் கேட்டு, "கிளாரினெட் எவரெஸ்ட்" என்று பட்டம் கொடுத்தார். 2022-ம் ஆண்டு இவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அதே 2022-ம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்ற இன்னொருவர், விராலிமலை முத்துக்கண்ணம்மாள். சதிர் ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருந்த அம்மையார். விராலிமலை திருச்சியில் இருந்து கூப்பிடு தூரம்தான். சதிருக்கும் கிளாரினெட்டுக்கும் ஒரே வருடத்தில் மரியாதை நடந்தது பொருத்தம்தான்.

1939-ம் ஆண்டு திருச்சியில் வானொலி நிலையம் தொடங்கியது. சுற்று வட்டாரத்து வித்துவான்களுக்கு அது ஒரு பெரிய வாசல் ஆயிற்று. கோயில், கல்யாணம், வானொலி, பேண்டு செட் என்று இந்த வட்டாரத்தில் கிளாரினெட் ஒலித்த இடங்கள் பல. அதனால்தான் இங்கே பழைய கிளாரினெட் இருக்கிற வீடுகள் இருக்கின்றன. பழைய மவுத்பீஸ்களும் இருக்கின்றன.

இன்று கிளாரினெட் கற்கிற பிள்ளைகள் குறைவு. சதிர் மேளம் இல்லை. பரதநாட்டிய மேடையில் புல்லாங்குழலும் வயலினும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அந்தக் காலத்து நாதம் எப்படி இருந்தது என்று சொல்ல, சில ஒலிப்பதிவுகளும், பெட்டிக்குள் கிடக்கிற இந்தக் கறுப்புத் துண்டுகளும்தான் மிச்சம். ஆகவே முகத்தை இழைப்பதா, வேண்டாமா என்பது ஒரு வீட்டு விவகாரம் மட்டும் அல்ல.

ரப்பரும் கந்தகமும்

பழைய மவுத்பீஸ்கள் பெரும்பாலும் எபோனைட்டில் செய்தவை. எபோனைட் என்றால் கெட்டி ரப்பர். இயற்கை ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து, நெடுநேரம் சூடு கொடுத்தால் அது கல்போல இறுகிவிடும். கருங்காலி போல இருப்பதால் அந்தப் பெயர். 19-ம் நூற்றாண்டின் நடுவில் இது வந்தது. அதற்கு முன்பு மரத்தில் செய்தார்கள். மரம் ஈரம் பட்டால் முறுக்கிக்கொள்ளும். எபோனைட் அப்படி முறுக்காது.

முறுக்காது என்றுதான் பெயர். வெயிலுக்கும் வெந்நீருக்கும் முன்னால் அதன் ஜம்பம் பலிக்காது! திருச்சி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை மாதத்தில் பூட்டிய காருக்குள்ளே வாத்தியப் பெட்டியை வைத்துவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தால், திரும்பி வரும்போது உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். எபோனைட் இளகும். அதன் மேல் உலோகப் பட்டையை இறுக்கியபடியே விட்டிருந்தால், தளம் மெல்லக் கோணிக்கொள்ளும்.

வெயில் பட்டுப் பட்டுக் கறுப்பு நிறம் பச்சையாகவும் பழுப்பாகவும் மாறும். கந்தக வாடை வரும். வாயில் ஒரு கசப்பு தட்டும். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் வெந்நீரில் ஊற வைக்கிறார்கள். அதைவிடக் கெடுதல் இல்லை. பச்சைத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

குற்றவாளி யார்?

நாதம் கெட்டால் எல்லோரும் முதலில் மவுத்பீசைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பத்துக்கு ஒன்பது பேர் அப்படித்தான். கிளாரினெட்டில் கட்டைகள், கட்டைக்கு அடியில் தோல் மெத்தைகள் என்று எத்தனையோ உண்டு. மெத்தை காய்ந்து சுருங்கினால் காற்று கசியும். காற்று கசிந்தால் கீச்சென்று சத்தம் வரும். பல மாதம் திறக்காத பெட்டியில் மெத்தை காயாமல் இருந்தால்தான் ஆச்சரியம்! பாவம், பழி மவுத்பீஸ் மேல் விழுகிறது.

அடுத்தது ரீடு. இங்கேதான் மகன் ஏமாறுகிறான்.

ரீடுக்கு நம்பர் உண்டு. 2, 2½, 3 என்று விற்கிறார்கள். நம்பர் ஏற ஏற ரீடு கெட்டி. பழைய காலத்து மவுத்பீஸ்களில் பலவற்றுக்கு நுனி இடைவெளி குறைவு. ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இருப்பதுண்டு. இடைவெளி குறைந்த மவுத்பீசுக்குக் கெட்டி ரீடு வேண்டும். மெல்லிய ரீடை வைத்து ஊதினால், அது போய் நுனியோடு ஒட்டிக்கொள்ளும். நாதம் மெலிந்துபோகும். கடையில் கிடைத்ததை வாங்கி வந்து மாட்டிவிட்டு, அப்பாவின் மவுத்பீஸ் செத்துப்போய்விட்டது என்று மகன் நினைக்கிறான்.

அரை நம்பர், ஒரு நம்பர் கூட்டி நாலு ரீடு வாங்கி வந்து ஒரு வாரம் வாசித்துப் பார்க்கட்டும். செலவு கொஞ்சம்தான். பாதிப் பேருக்கு வியாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்கும் தீரவில்லை என்றால், வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ரீடை நனைத்து மவுத்பீசில் கட்ட வேண்டும். மவுத்பீசின் அடித்துளையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, நுனியை வாயில் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்ச வேண்டும். பிறகு வாயில் இருந்து எடுத்துவிட வேண்டும். தளமும் விளிம்புகளும் சரியாக இருந்தால், ரீடு ஒட்டிக்கொண்டு சில வினாடி நிற்கும். அப்புறம் "டப்" என்று விடுபடும். நிற்கவே இல்லை என்றால் எங்கோ காற்று கசிகிறது. ஒரு ரீடை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ரீடே கோணலாக இருக்கலாம். இரண்டு மூன்று ரீடு மாற்றிப் பார்த்தும் நிற்கவில்லையானால், அப்போதுதான் மவுத்பீஸ் மேல் குற்றப் பத்திரிகை!

கட்டலாம், அவிழ்க்கலாம்

நம் ஊர் வாத்தியக்காரர்கள் வாத்தியத்தில் கை வைக்கப் பயப்படுகிறவர்கள் அல்ல. நாதசுரக்காரர் தன் சீவாளியைத் தானே சீர் செய்துகொள்கிறார். காவிரிக் கரை நாணலில் செய்கிற சீவாளி அது. ஒன்று போனால் இன்னொன்று. நாதசுரத்தோடு ஒரு கொத்துச் சீவாளி தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மிருதங்கக்காரர் கச்சேரிக்குக் கச்சேரி தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறார். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறார்.

ஸ்ரீரங்கம் கோயிலில் வீணை ஏகாந்தம் என்று ஒரு சேவை உண்டு. வைகுண்ட ஏகாதசித் திருவிழாவில் நம்பெருமாள் மூலஸ்தானம் திரும்பும் இரவு நேரத்தில், பரம்பரையாக அந்த உரிமை பெற்ற குடும்பத்தார் வீணை வாசிக்கிறார்கள். அந்த வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். வீணைக்கு 24 மெட்டுகள். அவை மெழுகில் பதிந்து நிற்கின்றன. நாளாவட்டத்தில் மெழுகு இளகினால் சுரம் விலகும். அப்போது மெழுகை எடுத்துவிட்டுப் புது மெழுகு வைத்து, மெட்டுகளை மறுபடி நிறுத்துவார்கள். இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். வீணை எத்தனை பழையது ஆனாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் மேளம் கட்டலாம்.

மவுத்பீசை இப்படிச் செய்ய முடியாது. சீவாளி போனால் வேறு சீவாளி. மெழுகு போனால் வேறு மெழுகு. இழைத்த எபோனைட்டைத் திரும்ப ஒட்ட வைக்க ஒருவராலும் ஆகாது. வீணைக்காரரைப் பார்த்துக் கிளாரினெட்காரர் தைரியம் கொள்ளக் கூடாது.

ஸ்ரீரங்கத்திலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. தெற்கு ராஜகோபுரம் பல நூறு ஆண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்றது. 1987-ம் ஆண்டு அதை 236 அடி உயரத்துக்குக் கட்டி முடித்தார்கள். பழைய அடித்தளத்தின் மேலே சேர்த்தார்களே தவிர, அதைச் செதுக்கிக் குறைக்கவில்லை. பிறகு கோயிலில் பெரிய திருப்பணி நடந்தது. பிற்காலத்து அடைசல்களை அகற்றி, பழைய முறையிலேயே செப்பனிட்டார்கள். அதற்கு 2017-ம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அழுக்கை எடுப்பதும், கல்லை எடுப்பதும் ஒன்று அல்ல என்பதை அந்தத் திருப்பணிக்காரர்கள் அறிந்திருந்தார்கள். தூணைச் சுத்தம் செய்கிறேன் என்று மணலை வேகமாக அடித்துச் சிற்பத்தின் மூக்கையும் முழியையும் தேய்த்துவிட்ட கோயில்களும் தமிழ்நாட்டில் உண்டு.

பூஜை அறைக்கு அல்ல

அப்படியானால் பழைய மவுத்பீசைத் தொடவே கூடாதா? பட்டுத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட வேண்டியதுதானா?

இல்லை. அதுவும் தவறு. மவுத்பீஸ் ஊதுவதற்காகச் செய்தது. ஊத முடியாத மவுத்பீசைக் கும்பிட்டுக்கொண்டு இருப்பதால் அப்பாவின் நாதம் திரும்பி வந்துவிடாது.

அமெரிக்காவில் ஷெடெவில், காஸ்பர் என்ற பழைய மவுத்பீஸ்களுக்கு வித்துவான்கள் தவம் கிடக்கிறார்கள். யாரும் கை வைக்காத, செய்தபடியே இருக்கிற முகம் என்றால் மதிப்பு இன்னும் அதிகம். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! காஸ்பர் குடும்பத்தார், ஷெடெவில் செய்து அனுப்பிய கட்டைகளை வாங்கி, தங்கள் கையால் முகம் இழைத்து விற்றவர்கள். ஆக, இன்று பொன் போலப் போற்றுகிற அந்த முகங்களும் ஒருவர் கையால் இழைத்தவைதான். இழைப்பது பாவம் என்று எவரும் சொல்ல முடியாது. யார் இழைக்கிறார், எதற்காக இழைக்கிறார் என்பதுதான் கேள்வி.

தளம் கோணிவிட்டது, இரண்டு விளிம்பும் ஏற்றத்தாழ்வாகிவிட்டது, நுனியில் சில்லு பெயர்ந்துவிட்டது என்றால் தாராளமாக இழைக்கலாம். அது வைத்தியம். இழைக்காவிட்டால்தான் அந்த மவுத்பீசுக்குத் துரோகம்.

நன்றாக இருக்கிற மவுத்பீசின் வாயை, "இந்தக் காலத்துக்கு இது போதாது" என்று அகலமாக்குவது வேறு. அது ருசியை மாற்றுகிற காரியம். ருசி மாற வேண்டுமானால் வேறு மவுத்பீஸ் வாங்கிக்கொள்வதுதான் நியாயம். பாரிசில் இருந்து வருகிற வாண்டோரன் மவுத்பீஸ்கள் விதவிதமான இடைவெளியில் கிடைக்கின்றன. அதை எவ்வளவு வேண்டுமானாலும் இழைத்துப் பழகட்டும். கெட்டுப்போனால் இன்னொன்று வாங்கலாம். அப்பாவுடையது கெட்டுப்போனால் வாங்குவதற்குக் கடை ஏது?

"புதிசு வாங்கினால் சுருதி ஒத்துவரவில்லையே!" என்று சில வித்துவான்கள் குறைப்படுவதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. வெள்ளைக்காரர்களின் ராணுவ பேண்டுக்காகச் செய்த பழைய கிளாரினெட்டுகள் சில, இன்றைய சுருதியைவிட உயர்ந்த சுருதிக்குச் செய்தவை. மவுத்பீசின் உள்வயிறும் வாத்தியத்தின் துளையும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் சுரங்கள் ஒன்றோடு ஒன்று சண்டை போடும். ஆகவே வாங்குமுன் வாத்தியத்தைக் கையோடு கொண்டுபோய் வாசித்துப் பார்ப்பது நல்லது. இதனாலேயே, வாத்தியத்தோடு பொருந்தி இருக்கிற பழைய மவுத்பீசை அவசரப்பட்டு மாற்றக் கூடாது என்பதும் விளங்கும்.

சத்தம் போதவில்லை என்பதற்காக வாயை அகலமாக்குகிறேன் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் மைக் இல்லாமல் தவிலுக்கு எதிரே வாசித்தார்கள். இந்தக் காலத்தில் கல்யாண மண்டபத்தில் ஆளுக்கு ஒரு மைக். பக்கத்து வீதிக்குக் கேட்கிற சத்தம் ஏற்கெனவே இருக்கிறது. இதற்கு மேல் மவுத்பீசை அறுத்து எதைச் சம்பாதிக்கப் போகிறார்கள்?

கமகத்தையும் யோசிக்க வேண்டும். துளையின் மேல் விரலை மெல்ல வழுக்கியும், உதட்டு அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும்தான் கிளாரினெட்டில் கமகம் பேசுகிறது. ஒருவருடைய உதடு அந்த மவுத்பீசோடு வருடக் கணக்கில் பழகி இருக்கும். முகம் மாறினால் உதடு முதலில் இருந்து பழக வேண்டும். கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது செய்கிற காரியமா அது?

பொன்மலை பிட்டரைக் கூப்பிடுங்கள்

இழைக்கத்தான் வேண்டும் என்று தீர்மானம் ஆகிவிட்டால், அரத்தை எடுக்கும் முன்பு அளவெடுக்க வேண்டும். இதற்குத் திருச்சியைப் போல வசதியான ஊர் கிடையாது.

பீலர் கேஜ் என்று ஒரு கருவி உண்டு. பல கனங்களில் மெல்லிய எஃகுத் தகடுகளை விசிறி போலக் கோத்திருப்பார்கள். இரண்டு பாகங்களுக்கு நடுவே இருக்கிற சந்தை, தகட்டை நுழைத்து அளப்பார்கள். பொன்மலை ரயில்வே பணிமனையில், திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்த எந்த பிட்டரைக் கேட்டாலும் சொல்வார். மோட்டார் மெக்கானிக்கிடமும் இருக்கும்.

மவுத்பீசின் முகத்தை அளப்பதும் இதே தகடுகளைக் கொண்டுதான். கோடு போட்ட சமமான கண்ணாடித் துண்டை ரீடுக்குப் பதிலாக மவுத்பீசின் மேல் வைப்பார்கள். நுனிப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு தகடாக நுழைப்பார்கள். எந்தத் தகடு எந்தக் கோடு வரை போய் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்த எண்களை எழுதினால், அதுதான் அந்த முகத்தின் ஜாதகம்! இடது விளிம்புக்கும் வலது விளிம்புக்கும் எண்கள் ஒத்திருக்கின்றனவா என்றும் தெரிந்துவிடும். கோணல் இருந்தால் அது இங்கே வெட்டவெளிச்சம்.

பிட்டர் அளக்கட்டும். ஆனால் இழைக்க விட வேண்டாம்! பொன்மலைக்காரர்களுக்குக் கோபம் வர வேண்டியதில்லை. எஃகு வேறு, எபோனைட் வேறு. திருச்சியில் செயற்கை வைரம் பட்டை தீட்டுகிற கைகள் எத்தனையோ உண்டு. அவர்களிடம் மவுத்பீசைக் கொடுத்தால் கண்ணாடி போலப் பளபளவென்று தேய்த்துக் கொடுப்பார்கள். பளபளப்பா வேண்டும்? நாதம் அல்லவா வேண்டும்!

காரணம் இருக்கிறது. முகத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் மற்ற இடமும் மாறும். கோணிய தளத்தைச் சமமாக்கத் தேய்த்தால், நுனி இடைவெளி தானாகவே குறைந்துபோகும். வளைவின் நீளமும் குறையும். அதை ஈடு செய்ய வளைவை மறுபடி வெட்ட வேண்டும். நுனியில் வெட்டினால் நுனி விளிம்பு தடித்துப்போகும். அதை உள்பக்கமாக மெலிய வைக்க வேண்டும். உள்பக்கத்தைத் தொட்டால் குரலின் கூர்மை மாறும். ஒரு நூலை இழுத்தால் புடவையே பிரிகிற கதைதான்.

இன்னொன்றும் உண்டு. சில மவுத்பீஸ்களில், செய்தவரே தளத்தை மயிரிழை அளவு குழிவாக விட்டிருப்பார். ரீடு ஈரத்தில் உப்பும்போது சரியாக உட்காரட்டும் என்பதற்காக. இது தெரியாதவர், "தளம் சமமாக இல்லை" என்று தேய்த்துவிடுவார். குறை இல்லாத இடத்தில் குறையை உண்டாக்கியாயிற்று!

ஆகவே இழைக்கிற வேலையை, மவுத்பீஸ் வேலை தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். அவர் கிளாரினெட் வாசிக்கத் தெரிந்தவராகவும் இருந்தால் மிகவும் நல்லது. தடித்த கண்ணாடி மேல் மிக நைசான உப்புத்தாளை வைத்து, இரண்டு இழுப்பு இழுத்து, அளந்து, வாசித்துப் பார்த்து, மறுபடி இரண்டு இழுப்பு இழுப்பார். அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் இருந்து மவுத்பீசை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவது உத்தமம்.

வைத்தியம் என்றால் கோணலை எடுக்கும் அளவுக்கு மட்டும்தான். பழைய இடைவெளி எவ்வளவோ, முடிந்த வரை அந்த எண்ணுக்கே திரும்ப வர வேண்டும். "அதோடு வாயையும் கொஞ்சம் அகலமாக்கிவிடலாமே" என்று வேலை செய்பவர் ஆசை காட்டுவார். அங்கேதான் உறுதியாக இருக்க வேண்டும்.

அம்மாவின் பயம்

உறையூர் வீட்டுக்குத் திரும்புவோம். அம்மா இன்னும் மவுத்பீசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அம்மா பயப்படுவது பல் தடத்துக்காக. பல் பதிவது மேல்பக்கத்துச் சரிவில். இழைக்கும் இடமோ கீழ்ப்பக்கம், ரீடு படுக்கிற இடம். முகத்தை எத்தனை இழைத்தாலும் அந்தப் பல் தடம் அப்படியே இருக்கும். இதை அவளுக்குச் சொன்னால் பாதிக் கண்ணீர் நின்றுவிடும். மகனுக்கு அந்தப் பள்ளம் இடைஞ்சலாக இருந்தால், மேலே மெல்லிய ரப்பர் ஒட்டு ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். வேண்டாதபோது உரித்துவிடலாம்.

ஆனால் அப்பாவின் குரல் இருந்தது பல் தடத்தில் அல்ல. அம்மா பார்க்காத கீழ்ப்பக்கத்து வளைவில்தான் அது இருந்தது. அதைத்தான் நண்பர் லேசாக இழைத்துவிடலாம் என்கிறார்!

மகன் செய்ய வேண்டியது இது. ஸ்ரீரங்கம் கச்சேரிக்குப் புது ரீடு வாங்கிக்கொண்டு, இருக்கிற மவுத்பீசோடு போகட்டும். தோல் மெத்தைகளை முதலில் சரி செய்துகொள்ளட்டும். அப்பா வாசித்த ஒலிப்பதிவு வீட்டில் இருந்தால், அதைப் போட்டுக் கேட்கட்டும். தன்னுடைய வாசிப்பையும் இன்றே செல்போனில் பதிவு செய்து வைக்கட்டும். நாளைக்கு மாற்றம் நல்லதா கெட்டதா என்று ஒப்பிட அது வேண்டும். பழைய முகத்தை அளந்து, அதே அளவில் வேறொரு மவுத்பீசை இழைத்துத் தரக் கூடியவர் கிடைத்தால், பிரதி ஒன்று செய்துகொள்ளட்டும். அடித்துப் பிடித்துப் பழகுவதற்குப் பிரதி, கச்சேரிக்கு அசல்.

உறிஞ்சும் சோதனையில் மூன்று ரீடும் நிற்கவில்லை, பீலர் கேஜிலும் கோணல் தெரிகிறது என்றால் தயங்க வேண்டாம். வேலை தெரிந்தவரிடம் கொடுத்து இழைத்துக்கொள்ளட்டும்.

கொடுக்கும் முன்பு ஒரு காகிதத்தில் பழைய அளவுகளை எழுத வேண்டும். இடது விளிம்பு, வலது விளிம்பு, நுனி இடைவெளி, அளந்த தேதி. இழைத்து வந்த பிறகு, புது அளவுகளை அதற்குக் கீழே எழுத வேண்டும். அந்தக் காகிதத்தை மடித்து, கிளாரினெட் பெட்டிக்குள்ளேயே, மவுத்பீஸ் வைக்கிற குழிக்கு அடியில் போட்டுவிட வேண்டும். மகனுடைய மகன் பெட்டியைத் திறக்கும்போது அது கிடைக்கும்.